கை செஞ்சதை எடு, தாயி!

"கையைக் கொஞ்சம் வெளியே நீட்டுங்கப்பா. ஒரே ஒரு போட்டோ."

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா, இரண்டு கைகளையும் தோளில் கிடந்த துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். சிறு பிள்ளை மிட்டாயை மறைப்பதுபோல இருந்தது அது.

மகளுக்கு 45 வயது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவுக்கு 72. மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 40 வருடங்களுக்கு மேல் கொத்தனாராக வேலை பார்த்தவர். சிமென்ட்டும் சுண்ணாம்பும் தின்று தீர்த்த கைகள். உள்ளங்கையில் காய்ப்பு, விரல் ஓரங்களில் ஆறாத வெடிப்பு. அப்படிப்பட்ட கைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் போட்டால் எத்தனை லைக் விழும் என்பது அவருக்குத் தெரியும். இணையத்தில் அதுபோல நிறையப் பார்த்திருக்கிறார்.

"நல்லா இருக்கும்ப்பா. உழைச்ச கை."

"கைய எதுக்குத் தாயி எடுக்குற? கை செஞ்சதைப் போய் எடு."

பேச்சு அத்தோடு முடிந்தது. துண்டுக்குள் போன கைகள் அன்று வெளியே வரவே இல்லை.

அவர் போட்டோ எடுக்க ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மகன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு வீட்டில் சனிக்கிழமைகள் நீளமாகிவிட்டன. செல்போனில் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு ஒன்று, 6 வாரம், சனிக்கிழமை தோறும் என்று தோழி சொன்னதும் சேர்ந்துவிட்டார். சொல்லிக்கொடுப்பவர் அவருடைய பழைய மாணவர்கள் வயதில் ஒரு பையன். கடைசி வாரம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவர வேண்டும், ஒரு சின்ன ஹாலில் மாட்டி வைப்பார்கள். அதற்குக் கொடுத்த தலைப்பு: பேட்டர்னும் டெக்ஸ்ச்சரும்.

"திரும்பத் திரும்ப வர்றது பேட்டர்ன். கண்ணால பார்க்கும்போதே விரல் நுனியில தெரியறது டெக்ஸ்ச்சர்" என்று பையன் இரண்டே வரியில் முடித்துவிட்டான். கோலத்துப் புள்ளிகள், படிக்கட்டு, சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும் சக்கரங்கள், கடையில் அடுக்கிய எவர்சில்வர் தம்ளர்கள் எல்லாம் முதல் வகை. பலாப்பழத் தோல், கொத்திய அம்மி, புளியமரத்துப் பட்டை எல்லாம் இரண்டாவது வகை.

கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் பெரிய விஷயமா? ஒரே வாரத்தில் 140 படம் எடுத்துத் தள்ளினார். இடியாப்பத் தட்டு, முறுக்கு, வளையல் கடை, கோரைப்பாய். காலை 8 மணிக்குத் தன் வீட்டு வாசல் சுவரைக்கூட எடுத்தார். கிழக்குப் பார்த்த சுவர். வெயில் நேர் எதிரே நின்று பளீரென்று அடித்தது. படமும் பளீரென்றுதான் வந்தது. ஆனால், சுவருக்குப் பதில் யாரோ மஞ்சள் சார்ட் பேப்பரை ஒட்டி வைத்ததுபோல இருந்தது.

பையன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "மேடம், சுவர் படத்துல சுவரே இல்லையே" என்றான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். வீட்டுக்கு வரும் வழியில்தான் அப்பாவின் கைகள் நினைவுக்கு வந்தன.

* * *

அப்பாவுக்கு 4 வருடங்களாகக் கண்ணில் பிரச்னை. க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய். வலி இருந்திருந்தால் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். பெரும்பாலும் வலியே இல்லாமல், ஓரப் பார்வையைத்தான் அது முதலில் தின்னும். நேர் எதிரே இருப்பது கடைசிவரை தெரிவதால், போனது எவ்வளவு என்று ஆளுக்கே தெரியாது. அப்பா தெருவில் நாலு பேர் மீது இடித்து, வாசல்படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். அன்று முதல் தினமும் சொட்டு மருந்து.

"இப்ப எப்படிப்பா தெரியுது?" என்று ஒருநாள் கேட்டபோது, அப்பா அன்றைய பேப்பரைக் குழாய்போலச் சுருட்டி அவர் கண்ணில் வைத்தார். "இப்படித்தான்."

அந்தக் குழாய் வழியே அப்பாவின் மூக்கும் ஒரு கண்ணும் மட்டும் தெரிந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் செல்லூர் வீட்டுக்குப் போனபோது கைப் பேச்சை எடுக்கவில்லை. சார்ட் பேப்பர் மாதிரி வந்த சுவர்ப் படத்தை மட்டும் காட்டினார். அப்பா செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு எடுத்த?"

"காலைல எட்டு மணிக்கு."

"அதான். சுவத்துக்கு நேரா வெளிச்சம் விட்டா அது பொய் சொல்லும் தாயி."

எழுந்து சென்று டியூப் லைட்டை அணைத்தார். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். அவருடைய போனிலேயே டார்ச்சைப் போட்டு வாங்கி, முதலில் நேராகச் சுவரின் மேல் அடித்தார். வழவழவென்று, குறையே இல்லாத சுவர். பிறகு போனைச் சுவரோடு ஒட்டினாற்போலச் சாய்த்து, வெளிச்சம் சுவரைத் தடவிக்கொண்டு போகும்படி பிடித்தார்.

சுவர் முழுக்க மேடும் பள்ளமும் எழுந்து வந்தன. ஆணி அடித்துப் பிடுங்கிய இடம், பழைய சுண்ணாம்பு உரிந்த இடம், எப்போதோ விரிசலுக்குப் பூசிய பட்டை எல்லாம் தெரிந்தன. பிறந்து வளர்ந்த வீடு. இந்தச் சுவரில் சாய்ந்து படித்துத்தான் அவர் டீச்சரானார். ஆனாலும், அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"நான் சித்தாளா இருந்த காலத்துல, பூச்சு முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி மேஸ்திரி பல்பை எடுத்துட்டு வருவாரு. இப்படித்தான் சுவத்தோரமாப் புடிப்பாரு. எங்க மட்டப்பலகை சரியா ஓடலையோ அங்க நிழல் விழுந்துரும். விழுந்துச்சுன்னா மறுநாள் கொத்திட்டு மறுபடி பூசணும். சம்பளம் கிடையாது."

மேட்டுக்குப் பின்னால் விழும் குட்டி நிழல்தான் மேட்டைக் காட்டுகிறது. நேர் வெளிச்சத்தில் நிழல் பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பக்கத்திலிருந்து வந்தால் கேமராவுக்குத் தெரியும். போட்டோ வகுப்பில் 'சைடு லைட்' என்று நோட்டில் எழுதிக்கொண்டது இதைத்தானா? படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் ஏன் கூடாது என்பதும் அந்த நிமிடம்தான் அவருக்கு உறைத்தது. போனின் ஃப்ளாஷ், லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நேரே அடிக்கிறது. இருக்கிற சொரசொரப்பையெல்லாம் அதுவே துடைத்துவிடும்.

* * *

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வா. ரெண்டு இடம் காட்டுறேன்" என்றார் அப்பா.

முதல் இடம் நான்கு தெரு தள்ளி இருந்த ஒரு மோட்டார் ரூம். செங்கல்லைப் பூசாமல் அப்படியே விட்டு, நடுநடுவே கல் இல்லாமல் துளை விட்டுக் கட்டிய ஜாலிச் சுவர். காற்றும் வெளிச்சமும் போக வேண்டும், சிமென்ட்டும் மிச்சமாக வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் அப்பா கட்டியது. ஒரு வரியில் வந்த துளைக்கு நேர் மேலே அடுத்த வரியில் கல் இருக்கும். துளை, கல், துளை, கல் என்று சதுரங்கக் கட்டம்போல ஓடியது. கணக்கு டீச்சருக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

முதலில் சாய்வாக நின்று எடுத்தார். கட்டங்கள் ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் சரிந்து ஓடின. பிறகு நேர் எதிரே போய், போனைச் சுவருக்கு இணையாகப் பிடித்து, திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்துச் செங்கல் வரியோடு அவற்றைப் பொருத்தினார். வானமும் தரையும் தெரியாதபடி நெருங்கிப்போய் எடுத்தார். இப்போது படத்துக்கு ஓரமே இல்லை. சுவர் நாலு பக்கமும் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருப்பதுபோலத் தோன்றியது. பேட்டர்ன் வேண்டும் என்றால் பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டாமல் விடுவது நல்லது என்று வகுப்பில் சொன்னது இதுதான்.

ஆனாலும் ஏதோ குறைந்தது. அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவைக்கு மேல் பார்க்கத் தோன்றவில்லை.

"அந்தா பாரு" என்றார் அப்பா. குழாய்ப் பார்வையில் துளை துளையாகப் பார்த்துக்கொண்டே வந்தவருக்குத்தான் அது முதலில் பட்டது. மூன்றாவது வரித் துளை ஒன்றில் யாரோ ஒரு சின்னத் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மோட்டார் போடுகிற ஆளின் சாப்பாடாக இருக்கலாம்.

அதையும் சேர்த்து எடுத்ததும் படம் உட்கார்ந்தது. நாற்பது துளைகளும் ஒரே மாதிரி இருந்ததால்தான், ஒரு துளையில் இருந்த தூக்குவாளி கண்ணை இழுத்தது. வகுப்பே 'உள்ளேன் ஐயா' சொல்லும்போது ஒருவன் மட்டும் பதில் சொல்லாவிட்டால் டீச்சரின் கண் எங்கே போகும்? அப்படித்தான் இதுவும். வரிசை இருந்தால்தான் வரிசை கலைவது தெரியும். தூக்குவாளியைப் படத்தின் நட்டநடுவில் வைக்காமல் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளியபோது, கண் அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷமும் சேர்ந்துகொண்டது.

"இதுவே போதும்ப்பா. இதையே குடுத்துடறேன்."

"இன்னொரு இடம் இருக்கு. ஆட்டோவைக் கூப்பிடு."

ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று அப்பா டிரைவரிடம் சொன்னார். அவர் படித்த கல்லூரியின் பெயர் அது.

* * *

1998. அவர் பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம். கல்லூரியின் பின்பக்கம் மதில் சுவர் கட்டும் வேலை நடந்தது. அப்பா அந்த வேலைக்கு வரப்போகிறார் என்று அம்மா முதல் நாள் ராத்திரி பெருமையாகச் சொன்னார். மறுநாள் தோழிகள் 4 பேரோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சாரத்தின் மேல் லுங்கியை மடித்துக் கட்டி, தலையில் துண்டோடு ஓர் ஆள் நின்று பூசிக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடையைக் கூட்டினார். கல்லூரி விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'கட்டட கான்ட்ராக்டர்' என்று எழுதியிருந்தார். அது தோழிகளுக்கும் சொன்ன பதில். அந்த 3 வாரமும் சுற்றுப் பாதையாக முன் கேட் வழியாகவே போய்வந்தார்.

அப்பா இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பார்க்கவில்லை என்றே அவர் நினைத்திருந்தார், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினார்.

ஆட்டோ பின்பக்கத் தெருவில் நின்றது. மதிலின் வெளிப்பக்கம். சுண்ணாம்பு எப்போதோ அடித்தது, மழையில் கரைந்து போய்ச் சாம்பல் நிறப் பூச்சு அப்படியே தெரிந்தது. மணி ஐந்தரை.

"தெக்குப் பார்த்த சுவரு. மாசி மாசம் சாயங்கால வெயிலு மேற்கேயிருந்து சுவத்த ஒட்டியே போகும். கொஞ்சம் பொறு."

பொறுத்தார்கள். வெயில் இறங்க இறங்க, சுவரில் ஒன்றொன்றாகக் கோடுகள் எழுந்தன. மணியாசுக் கட்டையை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்த தடங்கள். அரை வட்டம், அதன் மேல் இன்னோர் அரை வட்டம், மீன் செதில்போல வரிசையாக. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரே அகலம். அவருக்குக் கணக்கு தன்னால் ஓடியது. அது ஒரு மனிதன் ஒரு இடத்தில் நின்றுகொண்டு, தோளை அசைக்காமல் கையை வீசினால் எட்டுகிற தூரம். அப்பாவின் கை நீளம்.

பேட்டர்னும் அதுதான், டெக்ஸ்ச்சரும் அதுதான். கையைக் காட்ட மாட்டேன் என்றவர், கையைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்திருந்தார்.

போனை எடுத்தார். விரல் நடுங்கியது. சுவரின் மேல் விரலை வைத்து அழுத்தி ஃபோகஸைப் பூட்டினார். வெளிச்சத்தை ஒரு மாத்திரை குறைத்தார். நிழல் இன்னும் அழுத்தமாக விழுந்தது. ஜூம் செய்தால் மணல் பருக்கைகள் குழைந்துவிடும் என்பதால் இரண்டு அடி முன்னே நடந்தார். எடுத்தார். எடுத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னார்.

"அப்பா, இந்தச் சுவர் பூசும்போது நான் உங்களைப் பார்த்தேன்."

"தெரியும் தாயி."

"பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி போனேன்."

"நானும்தான் பார்த்தேன். கூட வந்த புள்ளைங்க கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு சுவத்துப் பக்கமாத் திரும்பி நின்னு பூசிக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மூணு வாரமும் அப்படித்தான். அதனாலதானோ என்னமோ, இந்த வேலை நல்லா அமைஞ்சிருச்சு" என்றார்.

அவரால் பதில் பேச முடியவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. வெயில் இறங்கி, கோடுகள் வந்த வழியே ஒன்றொன்றாக மறையும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

* * *

கடைசி வகுப்பில் பையன் பழைய கலைஞர்களின் படங்களைத் திரையில் காட்டினான். எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கர் 1930-ல் ஒரு குடைமிளகாயைத் தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம். கடையில் வாங்குகிற காய்தான், ஆனால் அதன் வளைவில் விழுந்த வெளிச்சத்தால் மனித உடம்புபோலத் தெரிந்தது. அடுத்து ஆரோன் சிஸ்கிண்ட். நியூயார்க்கில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆரம்பத்தில் மனிதர்களின் வாழ்க்கையைப் படமாக எடுத்தவர், 1940-களில் உரிந்த பெயின்ட், வெடித்த சுவர், கிழிந்த போஸ்டர் பக்கம் திரும்பிவிட்டார். 1944-ல் குளோஸ்டர் என்ற மீன்பிடி ஊரில் அவர் எடுத்த படத்தில், மரப்பலகை மேல் யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு கையுறை கிடந்தது. அதைப் போட்டிருந்த கை படத்தில் இல்லை.

மற்றவர்கள் அடுத்த படத்துக்குப் போன பிறகும் கணக்கு டீச்சர் அந்தக் கையுறையிலேயே நின்றார்.

அவர் அச்சடித்துக் கொடுத்தது சுவர்ப் படம். பரிசு எதுவும் இல்லை, அப்படி ஒன்று அறிவிக்கவும் இல்லை. "இப்பதான் மேடம் சுவர் வந்திருக்கு" என்றான் பையன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எல்லாரும் படத்துக்குக் கீழே அழகழகாகத் தலைப்பு எழுதியிருந்தார்கள். அவர் தலைப்பு வைக்கவில்லை. 'பூச்சு வேலை' என்று எழுதி, அப்பாவின் பெயரையும் தொழிலையும் போட்டு, கீழே 1998 என்று எழுதினார். 'படம்' என்று தன் பெயரை அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துவந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. படத்துக்கு அரை அடி பக்கத்தில் முகத்தை வைத்து, இடமிருந்து வலமாக, வரி வரியாக, ஒரு புத்தகம் படிப்பதுபோல அப்பா அதைப் படித்தார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பின்னால் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

வலது ஓரத்தில் ஓர் இடத்தில் நின்றார். துண்டுக்குள் இருந்த கை வெளியே வந்தது. ஆள்காட்டி விரலால் அந்த இடத்தைத் தொட்டார்.

"இங்க மட்டப்பலகை சரியா ஓடல. அன்னைக்கே மேஸ்திரிகிட்ட சொன்னேன், இருக்கட்டும்னுட்டாரு. இப்பப் பாரு, நிழல் விழுந்திருக்கு."

"யாருக்கும் தெரியாதுப்பா."

"எனக்குத் தெரியுமே." விரல் மெல்லக் கீழே இறங்கிப் பெயர் எழுதிய இடத்துக்கு வந்தது. அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்கு எட்டவில்லை. "இதுல என்ன எழுதியிருக்கு?"

அவர் வாசித்தார். அப்பாவின் பெயர். அதற்குப் பக்கத்தில் தொழில்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, யாருக்கும் கேட்காதபடி மகளிடம் கேட்டார்.

"கொத்தன்னு போட்டிருக்கியா, கொத்தனார்னு போட்டிருக்கியா?"

"கொத்தனார்னுதான்ப்பா."

"சரி" என்றார் அப்பா. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டியபடி அடுத்த படத்தைப் பார்க்க நகர்ந்தார்.